சின்னக் கொக்கி

உள்ளே இருந்த கைப்பிடியை இழுத்து விட்டேன். பானெட் திறந்தது. ஆனால் இழுபட்ட கொக்கி திரும்பி வரவில்லை. பாதியிலேயே நின்றுகொண்டது.

"பாத்தீரா வே, இப்படித்தான் நிக்கு," என்றார் நயினார் முதலாளி.

கருப்பட்டி வியாபாரி. அம்பாசிடர் அவருடையது. திருநெல்வேலியில் டிங்கர் வேலை முடிந்து நேற்றுதான் வந்திருந்தது. பானெட்டை நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தவர்கள் கொக்கியைத் தொடவே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆதிச்சநல்லூர் தாண்டிப் போகும்போது இதே பானெட் ஓட்டத்தில் தூக்கி, முன்கண்ணாடியை மறைத்துவிட்டது. டிரைவர் சொரிமுத்து பாதை தெரியாமல் ஒரு பனையில் கொண்டுபோய் மோதினான். அங்கேயே போய்விட்டான்.

"குடிகாரப் பய. ஒழுங்கா அடைக்காம வண்டிய எடுத்திருக்கான்," என்று சொல்லிவிட்டு முதலாளி வேப்பமரத்து நிழலுக்குப் போனார்.

சொரிமுத்து டீக்கு மேல் எதையும் குடித்தவன் இல்லை. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறான்? ஊரும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டது. அவன் மனைவி முத்துக்கனி இப்போது குடிகாரன் பெண்டாட்டி.

நான் குனிந்தேன்.

பானெட்டைப் பிடிப்பது பெரிய கொக்கி. அது விட்டுவிட்டால் தாங்கிக்கொள்ள, விளிம்பில் விரல் விடும் இடத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். இரண்டும் சேர்ந்து கைவிட்டால்தான் பானெட் தூக்கும்.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். துறைமுகத்துக் காற்றுக்கு எல்லா வண்டியிலும் இருக்கிற உப்பும் துருவும்தான். அதற்கு அடியில் வேறொன்று தட்டுப்பட்டது.

வாழைநார்.

சின்னக் கொக்கியின் கழுத்தைச் சுற்றி, அப்படியே உள்ளே ஓடி, பெரிய கொக்கியின் அடியில் சுருண்டு, அதை முழுதாகப் பிடிக்கவிடாமல் கிடந்தது. காய்ந்து கறுத்திருந்தது. நாரோடு ஒரு சிவப்பு நூலும் இருந்தது.

முத்துக்கனி வீட்டில் பூக்கட்டி விற்பவள். கண் படாமல் இருக்க அவள் கட்டும் மாலையில் மட்டும் ஒரு சிவப்பு நூல் ஓடும்.

என் ஒர்க்ஷாப்பில் வேலை முடிந்து வெளியே போகும் எந்த வண்டிக்கும் எலுமிச்சம்பழமும் மாலையும் உண்டு. இந்த வண்டிக்கு மாலை அவளிடமிருந்தே வந்துவிடும். மோதிய அன்று காலையிலும் சொரிமுத்து இங்கே பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டுதான் போனான்.

நாரை வெட்டி எடுத்தேன். முதலாளி பார்க்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"உப்புத் துரு மொதலாளி," என்றேன் சத்தமாக.

இதைக் காட்டினால் சொரிமுத்துவின் பெயர் பிழைக்கும். ஆனால் தான் கட்டிய மாலைதான் புருஷனைக் கொன்றது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் பூவைத் தொடுவாளா? சாவு வீட்டிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அன்றைக்கு வண்டிக்கு மாலை போட்டாரா என்று. போடவில்லை, அவசரமாகப் போய்விட்டான் என்று சொல்லிவைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எண்ணெய் விட்டேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். ஒரு சாண் உயரத்திலிருந்து பானெட்டை விட்டேன். 'டக்'கென்று பிடித்தது. பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் பிடித்தது.

"மாசம் ஒருக்கா எண்ணெய் விடணும். இல்லேன்னா பழையபடி நின்னுக்கிடும்."

முதலாளி தலையை ஆட்டினார். விடப்போவதில்லை என்று அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

புது டிரைவர் ராமர் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினான். முத்துக்கனியின் கூடப்பிறந்த தம்பி. கையில் வாழையிலைப் பொட்டலம்.

"அண்ணாச்சி, அக்கா குடுத்துவிட்டா. அன்னைக்கு மாலை போடாம போனதாலதான் அத்தான் போயிட்டாவன்னு அழுதுக்கிட்டே கட்டுனா. இந்தத் தடவ மறந்துராதீங்கன்னு சொல்லச் சொன்னா."



"பம்பர்ல கட்டுலே," என்றேன்.

"மாலைய எவனாது கால்ல போடுவானா?" என்று முதலாளி முறைத்தார்.

ராமர் சிரித்துக்கொண்டே குனிந்தான். கட்டுவதற்குத் தோதாக நீட்டிக்கொண்டிருப்பது அந்தச் சின்னக் கொக்கி ஒன்றுதான். மாலையின் நாரை அதில் இரண்டு சுற்று சுற்றி இழுத்து இறுக்கினான். கொக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது.

அவுத்துருலே என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அது ஒரு வார்த்தையோடு நிற்காது. ஏன் என்பான். உமக்கு எப்படித் தெரியும் என்பார் முதலாளி.

ராமர் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினான். முதலாளி பின்சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டார். வண்டி திருச்செந்தூர் ரோட்டுப் பக்கம் திரும்பியது. முகப்பில் மாலை ஆடிக்கொண்டே போயிற்று.

பெரிய கொக்கி பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பைக்குள் கையை விட்டேன். நாரில் இருந்த இரட்டை முடிச்சு விரலில் நெருடியது. மாலை முத்துக்கனி கட்டியதுதான். முடிச்சு நான் போட்டது. கடல்காற்றில் நழுவுகிறதே என்று அன்று காலையில் சின்னக் கொக்கியில் இறுக்கியவன் நான்.

அது சாய்ந்து நின்றதையும் பார்த்தேன். பெரிய கொக்கி பிடித்துக்கொள்ளும் என்றுதான் அன்றும் சொல்லிக்கொண்டேன்.