குளிர்ந்த கான்கிரீட்

செர்பியாவின் நிஷ் நகரத்து ஸ்கேட்போர்டு முகாமுக்கு இன்று கடைசி நாள். எல்லாப் பிள்ளைகளும் கான்கிரீட் பள்ளத்தில் சறுக்கி இறங்கிவிட்டார்கள், நெவெனா மட்டும் இல்லை. நிழல் விழுந்த விளிம்பில், சக்கரப் பலகையின் பின்முனையை ஒரு காலால் மிதித்தபடி உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறாள். பலகையின் முன்பாதி அந்தரத்தில் நடுங்குகிறது. கீழே சக்கரங்கள் கடகடவென்று ஓயாமல் உருள்கின்றன. "எறங்கப் போறியா, இல்ல அங்கயே அடைகாக்கப் போறியா?" என்கிறான் பயிற்சியாளன் ஓக்னென். அவள் அடுத்த நகத்துக்குப் போகிறாள். கூட்டிப்போக வந்த அம்மா வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிடுகிறாள். "சில்லுன்னு இருக்கற கான்கிரீட்ல உக்காராதேன்னு எத்தன தடவ சொல்றது? அடிவயித்துல குளிர் ஏறிடும், நாளைக்குப் புள்ள பெறணும்ல, எந்திரிடி." நெவெனா எழுகிறாள். எழுந்த வேகத்திலேயே இன்னொரு காலைப் பலகையின் முன்பாதியில் வைக்கிறாள். "எந்திரிச்சுட்டேம்மா" என்ற குரல் பள்ளத்தின் அடியிலிருந்து வருகிறது.