வரிக் கண்ணாடி

அவளுடைய மாமன் மகன், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு தகட்டை மேசை மேல் நிறுத்திவிட்டு, இனி உனக்கு யார் தயவும் தேவையில்லை என்று அவளிடம் சொன்னான்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவர் அதைத் தன்னைப் பார்த்துச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் பிளாஸ்டிக்தான். சாப்பாட்டுத் தட்டு அகலம், தடித்த அட்டை அளவு கனம். அதற்கு நான்கு மரக்கால்களை அவனே இழைத்துப் பொருத்தியிருந்தான். ஏதாவது ஒரு கால் ஆடுகிறதா என்று கணவர் தொட்டுப் பார்த்தார். ஆடவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு நடுப்பார்வை மங்கிவிட்டது. ஒருவர் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. எழுத்து சுத்தமாகத் தெரியாது. அதிலிருந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்தான் கதை படித்துக் காட்டுகிறார்.

வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியதில்லை. இப்போது தினமும் ஒரு மணி நேரம் அவர் பேச, கன்னத்தில் கை வைத்து அவள் கேட்கிறாள்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இவன் உலை வைக்க வந்திருக்கிறான்.

இவன் அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். பெரியவர்கள் பேச்சில் ஏதோ முறிந்து நின்றுபோனது. அதெல்லாம் பழைய கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அவனை அவள் இன்னமும் ‘அத்தான்’ என்றுதான் கூப்பிடுகிறாள். கட்டியவருக்கு வாய்த்தது ‘என்னங்க’.

நாடக மேடைகளுக்கு விளக்குப் போடுகிறவன் அவன். யாரும் கேட்காமலே விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். லென்ஸில் வெளிச்சத்தை மடக்குவது மேலே இருக்கும் வளைவு மட்டும்தானாம். உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடி வெறும் சுமையாம். உரிமையோடு சமையலறைக்குப் போய் ஒரு வெங்காயத்தை எடுத்து வந்து, பாதியாக நறுக்கிக் கவிழ்த்து வைத்தான்.

இந்த மேட்டை வளையம் வளையமாக வெட்டு. ஒவ்வொரு வளையத்திலும் மேல் சரிவை மட்டும் விட்டுவிட்டு அடிச் சதையை எடுத்துவிடு. எல்லாம் ஒரே மட்டத்தில் படுத்துக்கொள்ளும். சரிவு அப்படியே இருப்பதால் வேலையும் அப்படியே நடக்கும். கலங்கரை விளக்கத்தில் இருப்பது இதுதான். அந்த உயரத்துக்கு முழு லென்ஸ் வார்த்தால் யார் தூக்குவது? மேடையில் நடிகையின் முகத்தில் மெத்தென்று விழும் வெளிச்சமும், வேனின் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வரித் தாளும் இதே குடும்பம். இந்தத் தகடு, பள்ளிக்கூடம் ஒன்று கழித்துப்போட்ட பழைய புரொஜெக்டரில் கழற்றியது.

அவள் நகத்தால் தகட்டைச் சுரண்டிப் பார்த்தாள். நெருக்கமாக, வட்ட வட்டமாக வரிகள். குழந்தை மாதிரி சிரித்தாள்.

வெயில் படும் இடத்தில் வைக்காதே, அடியில் இருப்பது பற்றிக்கொள்ளும் என்றும் அவன் சொன்னான். அதை மட்டும் கணவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு அவள் கதைப் புத்தகத்தைக் கேட்டாள்.

வெளிச்சம் போதாது என்றார் கணவர். மாமன் மகன் எழுந்து திரையை விலக்கினான். முதலில் டீ போடுகிறேன் என்றார். இப்போதுதானே குடித்தோம் என்றாள். அதற்குள் அவன் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அடையாளம் வைத்த பக்கத்தைப் பிரித்துத் தகட்டுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

கணவரின் கை புத்தகத்தை நோக்கி நீண்டு, பாதியில் திரும்பியது.

அந்தக் கதையின் நாயகிக்கும் ஒரு மாமன் மகன் உண்டு. கலகலப்பானவன், எதைத் தொட்டாலும் செய்து முடிக்கிறவன். அவன் வரும் இடத்திலெல்லாம் கேட்கிறவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு மதியம் பொறுக்க முடியாமல், படித்துக் காட்டுகிற சாக்கில் கணவர் அவனைக் கப்பலில் ஏற்றி, நடுக்கடலில் கவிழ்த்துவிட்டார்.

புத்தகத்தில் கப்பல் இல்லை. கடலே இல்லை.

அன்றைக்கு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு நீந்தத் தெரியுமே என்று ஆதங்கப்பட்டாள். அதற்கப்புறம் கண் அச்சில் இருக்க, வாய் சொந்தமாகக் கதை சொல்லிக்கொண்டு போனது. நாயகி, அதிகம் பேசாத ஒரு கடிகார ரிப்பேர்காரரைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தாள்.

அடையாளம் வைத்த பக்கத்திலோ, செத்துப்போனவனுக்கும் நாயகிக்கும் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

அவள் குனிந்தாள். தகட்டுக்குள் ஒவ்வோர் எழுத்தும் கட்டெறும்பு அளவுக்குப் பெருத்து நின்றது. தலையைச் சாய்த்து, ஓரப்பார்வையால் எழுத்துக் கூட்டினாள். உதடு அசைந்தது. பக்கத்தின் அடிவரை போனாள். திரும்ப மேலே வந்தாள். முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். அதற்கும் முந்தையதைப் புரட்டினாள்.

கணவர் மேசை மேலிருந்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெரிகிறதா, என்ன போட்டிருக்கிறது, வாய்விட்டுப் படியேன் என்று மாமன் மகன் அவசரப்படுத்தினான்.

அவள் நிமிர்ந்து, கணவர் உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு பக்கத்தின் மேல் விரலை வைத்து, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

“கப்பல் கவிழ்ந்தது. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.”

மாமன் மகன் உச்சுக் கொட்டினான். பாவம் என்றான். ஆனாலும் தகடு வேலை செய்கிறதே என்று அவனுக்குப் பரம திருப்தி.

நன்றாகத் தெரிகிறது அத்தான், மாத்திரை அட்டை பார்க்க, ஊசியில் நூல் கோக்க எல்லாவற்றுக்கும் ஆகும் என்று அவள் சொன்னாள். தகட்டைப் பத்திரமாக ஓரத்தில் நகர்த்தினாள். புத்தகத்தை எடுத்து மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டினாள்.

“மீதிய நீங்களே படிங்க. நீங்க படிச்சாத்தான் கதை நல்லாருக்கு.”