துண்டு போட்ட வண்டி

"இந்த டீவி பொட்டில நீ பட்டனைத் தட்டினா, பாண்டிச்சேரில நிக்கிற வண்டி எனக்குன்னு ஆயிடுமா?" என்று கேட்டார் பலராமன்.

கரியமாணிக்கத்தில் கரும்பு போடுகிற பெரிய கை அவர். வெள்ளைக் கார் வாங்க வில்லியனூர் ஷோரூமுக்கு வந்திருந்தார். கில்பர்ட் அவரைக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்திருந்தான். அந்தக் கிளையில் ஏசி உள்ள ஒரே அறை அதுதான். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று போட்டது. கில்பர்ட்டுக்கு வேர்த்தால் கம்பெனிக்குக் கவலையில்லை.

எண்பத்தெட்டாம் வருஷத்தில் அதையெல்லாம் விளக்குவதே பாதி வேலை. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் என்று கிளைக்கு ஒரு கம்ப்யூட்டர்; எல்லாம் டெலிபோன் கம்பி வழியாகப் புதுச்சேரி ஹெட் ஆபீஸோடு பேசிக்கொள்ளும்; எந்தக் கிளை முதலில் பட்டனைத் தட்டுகிறதோ வண்டி அந்தக் கிளைக்கு என்று சொல்லிப் பார்த்தான். பலராமன் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறோம் இல்லீங்களா, அந்த மாதிரிதாங்க."

இது சட்டென்று புரிந்தது. "ஒரு துண்டை நம்பி நான் பஸ் ஏறினதே இல்ல தம்பி. முன்னாடி ஜன்னல்ல துண்டு, பின்னாடி ஜன்னல்ல குடை" என்று சிரித்தார்.

கில்பர்ட்டும் சிரித்து வைத்தான். சிரிக்காமல் முடியாது. அன்று மாதக் கடைசி. அந்த மாதம் வில்லியனூரில் ஒரு வண்டிகூட விற்கவில்லை. இன்றும் விற்காவிட்டால் கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டு போவோம் என்று ஹெட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் போனால் ஏசியும் போகும். கில்பர்ட் பழையபடி ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் கிரீஸ் துடைக்க வேண்டியதுதான். அவன் அம்மா அன்னாமேரியோ, மகன் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் என்று பூசைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவனும் மறுத்ததில்லை. மூன்று வாரம் டிரெயினிங் போய் வந்தவன் இன்ஜினீயர் இல்லை என்று யாராவது கேட்டால்தானே சொல்ல வேண்டும்?

ராகுகாலம் போகட்டும் என்று பலராமன் காத்திருந்தார். பன்னிரண்டு அடித்ததும் கில்பர்ட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பட்டனைத் தட்டினான். லைன் செத்தது.

லைன் சாவது புதிதல்ல. அப்போதெல்லாம் கம்ப்யூட்டரின் மண்டையில் ஒரு அடி வைப்பான். அவனாகக் கண்டுபிடித்த வித்தை அது ஒன்றுதான். அடித்தான். கொஞ்ச நேரத்தில் திரைக்கு உயிர் வந்தது. இருந்த ஒரே வெள்ளை வண்டிக்கு நேரே 'பாகூர்' என்றிருந்தது.

பலராமனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதது மாதாவின் கருணை. ஒரு நிமிஷம் குளுகுளுவென்று உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, வெளியே ஓடி ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர் போனில் பாகூரைப் பிடித்தான்.

அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவள் ஜெயசீலி. செலியமேட்டு ஆள் ஒருத்தர் வெள்ளை வண்டிக்காகக் காலையிலிருந்து காத்திருந்தார், இப்போதுதான் போட்டுக் கொடுத்தேன், அட்வான்ஸ் இன்னும் கட்டவில்லை என்றாள். கில்பர்ட் கெஞ்சினான். எனக்கும் ஒரு வண்டி விற்க வேண்டாமா என்று கேட்டாள் அவள்.

அப்போதுதான் கில்பர்ட்டின் மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் வேலை செய்யும். செய்யாமலே இருந்திருக்கலாம்.

"ஒங்க ஷோரூம்ல ஒரு நீல வண்டி விக்காம நிக்குது இல்ல, அத அந்தாளு தலையில கட்டிடு. வெள்ளை வண்டி ஸ்டியரிங் எடது பக்கம் இழுக்குதுன்னு சொல்லு. மனசு கேக்காம சொல்றேன்னு சொல்லு, நம்பிடுவாரு."

"பொய்யாச்சே அண்ணே."

"சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் நான் பண்ணிக்கிறேன். நீ சொல்லு."

அரை மணி நேரம் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பலராமன் ஏசியில் சுகமாக ஒரு தூக்கம் போட்டார். கடைசியில் 'பாகூர்' மறைந்தது. கில்பர்ட் பட்டனைத் தட்டினான். 'வில்லியனூர்' என்று வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் இன்ஜினீயர்தான் என்று அவனுக்கே தோன்றிவிட்டது. பலராமனை எழுப்பி, வண்டி உங்களுக்குத்தான், அட்வான்ஸ் கட்டிவிடலாம் என்றான்.

பலராமன் மடிக்குள் கை விட்டார். அந்த நேரம் பார்த்து வெளியே போன் அடித்தது. கில்பர்ட் போய் எடுத்தான். யாரோ பலராமனைக் கூப்பிடச் சொன்னார்கள். அவர் போய்ப் பேசிவிட்டு வந்தார். மடிக்குள் மறுபடி கை போகவில்லை.

"பாகூர்லேர்ந்து என் செலியமேட்டு மச்சான் முத்துசாமி பேசினான். எதுக்கும் இருக்கட்டும்னு அவனையும் அங்க ஒக்கார வச்சிருந்தேன். அந்த வெள்ளை வண்டி ஸ்டியரிங் இழுக்குதாமே. அங்க இருக்கிற பொண்ணு மனசு கேக்காம சொல்லிடுச்சாம். நீல வண்டிக்கு அட்வான்ஸ் கட்டிட்டான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தவர், நின்று திரும்பினார்.

"அந்தப் பொண்ணு இன்னா நல்ல பொண்ணு பாரு. நீயும்தான் காலையிலேர்ந்து கூடவே இருந்தே, ஒரு வார்த்தை சொன்னியா?"

சொல்லச் சொன்னதே நான்தான் என்று சொல்லவா முடியும்? கில்பர்ட் எழுந்து போய் ஏசியை நிறுத்தினான். இனி வேர்த்துப் பழக வேண்டுமே.