இருக்கியா?

நாற்பது பேரா, ஐம்பது பேரா என்று இப்போது சரியாக நினைவில்லை. அன்று காலை சுவா துறைமுகத்தில், ஒரே இருக்கைக்கு இரண்டிரண்டு பேர் கப்பல் டிக்கெட்டோடு நின்றார்கள்.

புதிதாக வந்திருந்த மேலாளர் லித்தியா நேராக சர்வர் அறையைக் கவனிக்கும் அபெனிசாவிடம் வந்தாள்.

“வேலை மிஞ்சணும்னா உண்மையச் சொல்லுங்க, அபெனிசா.”

“டிக்கெட் விக்க இங்க ஒரு சர்வர், தீவோட அந்தப் பக்கம் லௌடோகாவுல ஒண்ணு மேடம். நொடிக்கு நொடி ‘இருக்கியா’ன்னு ஒண்ணை ஒண்ணு கேட்டுக்கும்; ஒண்ணு செத்தாத்தான் மத்தது விக்கும். நேத்து நடுவுல லைன் அறுந்துபோச்சு. மத்தது செத்துட்டுதுன்னு நெனச்சு, ரெண்டுமே டிக்கெட் வித்திருச்சு.”

“லைன் அறுந்தா அங்க இருக்கிறவங்களுக்குப் போன் போட்டுப் பேசி, ஒரு சர்வரை நிறுத்தணும். போட்டீங்களா?”

அபெனிசா கண்களைத் தேய்த்துக்கொண்டான். “அவளே போடட்டும்னு இருந்தேன்.”

“அப்படி யாருய்யா அந்த மகாராணி?”



“அங்க வேலை பாக்குறது என் பொண்டாட்டி சலோத்தே. நாங்க பேசி மூணு வாரமாச்சு.”

மாலையில் லைன் சரியானது. அபெனிசாவின் வேலை தப்பியது. சலோத்தே இன்னும் லௌடோகாவில்தான் இருக்கிறாள். லித்தியா போட்ட புது விதிப்படி, தினமும் காலை எட்டு மணிக்கு அவன் அவளுக்குப் போன் செய்கிறான்.

“இருக்கியா?”

“இருக்கேன்.”

அதற்குமேல் இருவரும் பேசுவதில்லை. உடனே போனை வைப்பதும் இல்லை.