குழிக்குள் இரண்டு அடுப்பு

"புது ஆளுங்க வந்து குடியேறிட்டாங்கன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. நீங்க மட்டும் 'அதே ஆளுங்கதான்'னு எழுதியிருக்கீங்க. ஏம்மா, குழிக்குள்ள தூங்கிட்டீங்களா?"

ரெஜிஸ் சார் இப்படிக் கேட்டதும் குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மலர்க்கொடிக்குக் காது சூடாகிவிட்டது.

பச்சைமலை அடிவாரத்தில் அகழாய்வு தொடங்கப்போகிறது. அதற்கு ஆள் எடுக்கத்தான் தொல்லியல் படித்த பிள்ளைகளைத் திருச்சியிலிருந்து வேனில் ஏற்றி வந்திருந்தார்கள். பொறுப்பாளர் ரெஜிஸ் சாரை அவர்கள் பார்ப்பதே இன்றுதான். ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த ஒரு குழியைக் காட்டி, "இறங்கிப் பாருங்க. பார்த்ததை எழுதுங்க. தேறினவங்க என்கூட வேலை செய்யலாம். மத்தவங்க சாயங்காலம் இதே வேன்ல ஊருக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டு, வேன் நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார் மனுஷர்.

மலர்க்கொடிக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். "மண்ணைத் தோண்டி என்னடி கிழிக்கப்போறே?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் கண்ணெதிரே அதே வேனில் திரும்பிப் போய் இறங்குவதைவிட, இந்தக் குழியிலேயே படுத்துக்கொள்ளலாம்.

"தூங்கலை சார். கீழ் அடுக்குல கையால செஞ்ச சாம்பல் நிறப் பானை, கல் கோடரி. மேல் அடுக்குல சக்கரத்துல வனைஞ்ச கறுப்பு சிவப்புப் பானை, இரும்புக் கத்தி. சாமான் அடியோட மாறியிருக்கு. ஒத்துக்கிறேன்."

"அப்புறம் என்ன? பழைய ஆளுங்களை விரட்டிட்டுப் புது ஆளுங்க வந்து உட்கார்ந்துட்டாங்க. முடிஞ்சுது."

"அடுப்பு மாறலையே சார்."

"விட்டுடு மலரு, சார்கிட்ட மல்லுக்கு நிக்காதே" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான் கூடப் படித்த சரத்குமார். அவனும் 'புது ஆளுங்க' கட்சிதான்.

அவளா விடுவாள்? சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் குதித்தாள்.

"பாருங்க சார். ரெண்டு அடுக்குலயும் அடுப்பு இதே மூலையிலதான். மூணாவது கல் ஆடக்கூடாதுன்னு ரெண்டுலயும் சின்னக் கல் ஒண்ணை முட்டுக் கொடுத்திருக்காங்க. சாம்பலை ரெண்டு தடவையும் இடப்பக்கமாவே வாரிக் கொட்டியிருக்காங்க. இடக்கைப் பழக்கம் சார்."

"ஆயிரம் வருஷ இடைவெளிம்மா."

"இருக்கட்டுமே. ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுல விறகு போச்சு, மண்ணெண்ணெய் போச்சு, கேஸ் வந்துச்சு, இப்ப கரண்ட் அடுப்பு. எங்கம்மா எல்லாத்தையும் அதே மூலையிலதான் வச்சாங்க. சாமான் மாறினா ஆளும் மாறிட்டாங்கன்னு எப்படி சார் சொல்றது?"

"மூலை தொடரலாம். இடக்கைப் பழக்கம் ஆயிரம் வருஷம் தொடருமா?"

மறுபடியும் ஒரே சிரிப்பு. நியாயமான கேள்விதான் என்று மலர்க்கொடிக்கே பட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அது எப்படின்னு எனக்கும் புரியலை சார். படிச்ச எதோடயும் ஒத்துவரலை. ஆனா என் கண்ணுக்குத் தெரியறது ஒரே கை. அதை மாத்தி எழுத எனக்கு மனசு வரலை. வேன்ல ஏறச் சொன்னா ஏறிக்கிறேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். பிள்ளைகள் பைகளைத் தூக்கினார்கள்.

ரெஜிஸ் சார் குழி விளிம்பில் குந்தி இரண்டு அடுப்பையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மலர்க்கொடியின் தாளை வாங்கி முழங்காலில் வைத்து, பேனாவை இடக்கையில் பிடித்து, 'தேர்ச்சி' என்று எழுதினார்.

"நிஜக் குழி அந்த மேட்டுக்கு அப்பால இருக்கு, நாளைக்குக் காலையில வந்துடுங்க" என்றார். "இந்தக் குழியில போன வருஷம் ரெண்டு அடுக்கையும் பரப்பி, ரெண்டு அடுப்பையும் மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சது நான் ஒருத்தன்தாம்மா."