ஒரே ஒரு கட்டிங்

மூன்று வருஷமாகக் கைக்கு எட்டாமல் போக்குக் காட்டிய வெள்ளிக் கோப்பை, கடைசியில் தி. நகர் ஜவுளிக்கடை சுயம்புலிங்கத்திடம் வந்து சேர்ந்தது.

மயிலாப்பூரில் தென்சென்னைத் தோட்டப் பிரியர்கள் சங்கத்தின் மலர்க் கண்காட்சி. எழுபத்தைந்தாம் வருஷத்து வறட்சியில் மற்றவர்கள் கொண்டுவந்திருந்த செடிகளைப் பார்த்தால் இது கண்காட்சியா, ஆஸ்பத்திரி வார்டா என்று சந்தேகம் வரும். வருஷா வருஷம் கோப்பையை வாங்கிப் போகும் சாந்தோம் பியாட்ரிஸ் டீச்சரே இந்தத் தடவை ஒரு கள்ளிச் செடியோடு வந்திருந்தார். அவற்றுக்கு நடுவே சுயம்புலிங்கத்தின் கருஞ்சிவப்பு ரோஜா. ஒரே செடியில் பதினோரு பூக்கள்!

"எப்படி சார் இது?" என்றார் டீச்சர்.

"எல்லாம் கைராசி டீச்சர்" என்றார் சுயம்புலிங்கம், கையை ஒரு தடவை தானே பார்த்துக்கொண்டு.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டை தொங்கவேண்டும். பெயர், விலாசம், போடும் உரம், ஊற்றும் தண்ணீர் எல்லாவற்றையும் செடிக்காரரே தன் கைப்பட எழுதவேண்டும். சுயம்புலிங்கம் போடுவது பட்டினப்பாக்கத்திலிருந்து வரவழைக்கும் மீன் கழிவு. அந்த ரகசியத்தை ஊருக்குச் சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? உரம் என்ற இடத்தில் 'சாணம்' என்று எழுதிவிட்டார். மற்றதெல்லாம் சத்தியமான உண்மை.

கோப்பையோடு கூடவே பயமும் வந்தது. போன வருஷம் இதே கண்காட்சியில் அவருடைய குரோட்டன்ஸில் யாரோ ஒரு கிளையைக் கிள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறே மாதத்தில் ஆதம்பாக்கத்தில் மூன்று வீட்டு வாசலில் அது நின்றது. செடிப் பைத்தியங்கள் இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். 'ஒரு கட்டிங் எடுத்தேன்' என்பார்கள். இந்த ரோஜா மெட்ராஸில் தன் வீட்டைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது என்பதில் சுயம்புலிங்கம் பிடிவாதமாக இருந்தார்.

அதனால்தான் அந்த மூக்குக் கண்ணாடி ஆசாமி அவர் கண்ணில் பட்டான். கக்கத்தில் ரெக்ஸின் பை. பூவைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தான். நோட்டை எடுத்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான். தொட்டி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மெல்லப் பக்கத்தில் வந்தான்.

"அபாரம் சார். இந்தச் செடியை உங்க வீட்டுத் தோட்டத்துல வெச்சுப் பார்க்க ஆசை. நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வரட்டுமா?"

அஞ்சரை! சுயம்புலிங்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பனி உலருமுன் வெட்டினால்தான் கட்டிங் நன்றாக வேர் பிடிக்கும். தொழில் தெரிந்த திருடன்.

"பேஷா வாங்க" என்றார்.

அன்று சாயங்காலமே அந்தத் தெருவில் ரோந்து வரும் போலீஸ் ஏட்டு பவுல்சாமியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். மறுநாள் ஐந்து மணிக்கே ஏட்டு வந்து, ஹாலில் ஜன்னல் திரைக்குப் பின்னால் காபியோடு உட்கார்ந்துவிட்டார். தோட்டக்காரன் முருகையன் கயிறோடு செம்பருத்திப் புதருக்குள் பதுங்கினான்.

"ஏங்க, அவன் வர்ற நேரம், பின்னால மோட்டாரை நிறுத்திரட்டுமா?" என்று கேட்டாள் மனைவி மீனாட்சி.

"சும்மா இரு. எல்லாம் தினம் போலவே இருக்கணும். இல்லைன்னா சந்தேகப்பட்டு ஓடிருவான்."

முருகையன் புதருக்குள்ளிருந்து கிசுகிசுத்தான். "மொதலாளி! அந்தாளு கேட்டாண்ட வந்துக்கினு கீறான்!"

ஆசாமி வந்தான். ரோஜாவை ஒரு பார்வை பார்த்தான். சுற்றுமுற்றும் நோக்கினான். காதைத் தீட்டிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டில் நடந்தான். அங்கே குனிந்து ரெக்ஸின் பைக்குள் கையை விட்டான்.

"பிடிறா அவனை!"

முருகையன் பாய்ந்து கட்டிப்பிடித்தான். ஏட்டு காபி டம்ளரோடு ஓடி வந்தார். பை கீழே விழுந்து வாய் பிளந்தது. உள்ளே கத்தரிக்கோல் இல்லை. குழாய் திருகும் ஸ்பேனர் ஒன்று இருந்தது.

"கட்டிங் எடுக்கத்தானே வந்தே? உண்மையைச் சொல்லு!" என்று சுயம்புலிங்கம் மூச்சிரைத்தார்.

"ஆமா சார்" என்றான் அவன் நிதானமாக. முருகையனின் பிடியிலிருந்து ஒரு கையை விடுவித்துச் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை நீட்டினான். கார்ப்பரேஷன், குடிநீர்ப் பிரிவு இன்ஸ்பெக்டர். "ஆனா செடியில இல்லை, குழாயில. ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தண்ணி லாரிக்குப் பின்னால ஓடுது. உங்க அட்டையில மட்டும் 'காலை, மாலை இரு வேளையும் குழாய்த் தண்ணீர், வேர் குளிரக் குளிர'ன்னு எழுதியிருந்தீங்க. தெருக் குழாய்ல ஏன் வெறும் காத்து வருதுன்னு ஒரு மாசமாத் தேடிக்கிட்டிருந்தேன். மெயின் குழாய்லேயே மோட்டார் போட்டு இழுக்கிறீங்களே சார்!"

சுயம்புலிங்கம் வீட்டின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே மோட்டார் தினம் போலவே ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு, ஏட்டு பவுல்சாமியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சாட்சிக்கு இந்நேரத்துல எந்தப் போலீஸ்காரரைப் போய் எழுப்புறதுன்னு கவலைப்பட்டுக்கிட்டே வந்தேன், நல்ல வேளை, சாரே உங்களைக் கூப்பிட்டுக் காபியும் கொடுத்து வெச்சிருக்காரு!"