கடைசியாக வருகிறவர்

மதலேனா மறுபடியும் பின்தங்கிவிட்டார். நடைக் குழுவின் மற்றவர்கள் கிராஞ்சிப் பண்ணைச் சாலையின் வளைவைத் தாண்டிவிட்டார்கள். அவர் மட்டும் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குழுவை நடத்தும் கேலப் அவரைப் பார்த்துவிட்டு, மற்றவர்களை நிற்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு அவரிடம் திரும்பி வந்தார்.

தேவாலயத்தின் இந்தக் குழு மாதத்தில் ஒரு சனிக்கிழமை நகரத்தை விட்டு விலகி, மரமும் தண்ணீரும் இருக்கிற பக்கமாக நடக்கும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவார்கள். மூன்று மாதமாக அது மதியம் ஒரு மணி, ஒன்றரை என்று இழுத்துக்கொண்டே போனது. மதலேனாவால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அவருடைய கணவர் ஆம்ப்ரோஸ் பக்கவாதம் வந்து ஐந்து வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மார்சிலிங்கில் அவர்களுடைய ஈரறை வீட்டில் பணிப்பெண்ணைத் தங்கவைக்க இடமில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் மதலேனாதான். அவருக்கும் அறுபத்து மூன்று வயது. நடை இருக்கும் சனிக்கிழமையில் மட்டும் மகள் மிரண்டா வந்து, அம்மா திரும்புகிறவரை அப்பாவோடு இருப்பாள்.

ஒவ்வொரு நடையையும் ஆம்ப்ரோசுக்காக ஜெபித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஜெபம் முடிந்ததும் பெண்கள் மதலேனாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படியொரு மனைவி கிடைக்க அவர் கொடுத்துவைத்தவர் என்பார்கள். மதலேனா சிரிப்பார்.

இன்றைக்குப் போகும்போது அவர்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கிற கோபுரத்தில் முதல் ஆளாக ஏறி, கீழே நின்றவர்களுக்குக் கையசைத்தார். பண்ணைக் கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பியபோதுதான் கால் தளர்ந்தது.

கேலபுக்கு அது புரிந்தது. அவருடைய அம்மாவுக்கும் மூட்டுத் தேய்மானம். போகும்போது ஒன்றும் தெரியாது, திரும்பும்போதுதான் வலி கிளம்பும். அதற்காகவே இன்று விடியற்காலையில் தன் காரைக் கொண்டுவந்து அந்தப் பண்ணைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் நடைக்கு வந்திருந்தார்.

"ஆன்ட்டி, இனிமே நீங்க திரும்பி நடக்கவே வேணாம். போறது மட்டும் எங்களோட நடங்க. அப்புறம் நான் கார்ல வீட்டுல விட்டுடறேன். ஒவ்வொரு மாசமும் இப்படித்தான்."

முழங்காலில் இருந்த மதலேனாவின் கை அப்படியே நின்றது.

"வேணாம் தம்பி. மெதுவா நடந்து வந்துடுவேன் லா."

அதற்குள் மற்றவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். கேலப் ஓடிப்போய்க் காரை எடுத்துவந்தார். ஒருவர் மதலேனாவின் பையை வாங்கிப் பின்சீட்டில் வைத்தார். வீட்டுக்காரர் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார், சீக்கிரம் போங்கள் என்றார் இன்னொருவர். மதலேனா ஏறி உட்கார்ந்தார்.

வழியில் ஒரு பண்ணையைப் பார்த்ததும், பப்பாளி வாங்கவேண்டும், நிறுத்த முடியுமா என்று கேட்டார். அவரை இறங்கவிடாமல் கேலபே போய் மூன்று நிமிடத்தில் வாங்கிவந்துவிட்டார். கொஞ்ச தூரம் போனதும், நீர்த்தேக்கத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார் மதலேனா. அடுத்த மாதம் பார்க்கலாம், அங்கிள் காத்திருப்பார் என்று சொல்லிவிட்டு, ஏசியின் குளிர்க்காற்று அவர் காலில் படும்படி கேலப் திருப்பிவைத்தார்.

மார்சிலிங் வந்துவிட்டது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காரை நிறுத்தி, கேலப் இறங்கி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினார். மதலேனா சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. தலையைச் சாய்த்து நாலாவது மாடியைப் பார்த்தார். அங்கே அவர் விடிவதற்குள் துவைத்துப் போட்ட படுக்கை விரிப்புகள் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கழியில் காய்ந்துகொண்டிருந்தன.

"ரொம்ப வலிக்குதா ஆன்ட்டி? மிரண்டாவக் கீழ வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று அவர் வேகமாகத் தலையசைத்தார்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. மிரண்டாதான். சிறிது நேரம் அடிக்கவிட்டுப் பிறகு எடுத்தார். மகள் பேசியது வெளியே நின்ற கேலபுக்கும் கேட்டது. அப்பா கஞ்சி குடித்துவிட்டாராம். இப்போது விழித்துக்கொண்டு அம்மாவைத் தேடுகிறாராம். அம்மா எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மதலேனா நிமிர்ந்து கேலபைப் பார்த்தார். கேலபின் கை நீட்டியபடியே இருந்தது.

"இன்னும் பாதி தூரம்கூட நடக்கல, மிரண்டா. நான் வர மதியம் தாண்டிடும்."